பம்பலப்பிட்டித் திருத்தகத்தில் ஒரு பழைய மடிக்கணினி

வெள்ளவத்தையில் இருந்தபடி பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் மொழிபெயர்த்துக் கொடுக்கும் எனக்கு, 2013 ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினிதான் அலுவலகம். சில மாதங்களாக அதை இயக்குவதே தனியொரு வேலையாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். மூன்றாவது அல்லது நான்காவது முயற்சியில் திரை வெளித்தாலும், விண்டோஸ் வந்து சேர்வதற்குப் பதினொரு நிமிடங்கள் பிடிக்கும். போதாக்குறைக்குத் திகதியும் தானாகவே பின்னோக்கிப் போகத் தொடங்கியது. ஒரு வாடிக்கையாளர் பத்தரமுல்லைக்குக் கொண்டு செல்லவிருந்த மொழிபெயர்ப்பின் அடியில், என் முத்திரைக்குப் பக்கத்திலேயே, 2012 ஜனவரி 1 என்று அச்சாகியிருப்பதை அவரே சுட்டிக்காட்டியபோது, இனியும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது.

முதலில் போன கடையில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல், "மதர்போட் போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்று சொல்லி, புதிய கணினிகள் அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார்கள். அதைப் பற்றி அதற்குமேல் எழுத எதுவும் இல்லை. இந்த மதிப்புரை, அதன் பின்னர் நான் போன, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் மேல்மாடியில் உள்ள ஒரு சிறிய திருத்தகத்தைப் பற்றியது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலையை முடிக்கவே நேரம் போதவில்லையாம்.

அங்கே எனக்குப் பிடித்தது, எதையும் என் கண் முன்னாலேயே, ஓர் ஒழுங்கின்படி சோதித்த முறை. சார்ஜரின் முனையில் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தார், 19.5 வோல்ற் சரியாக இருந்தது. அடுத்ததாகச் சார்ஜரையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடியட்டும் என்று, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். பலருடைய கணினிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடுவதுண்டாம், என்னுடையது ஆகவில்லை. அடியிலிருந்த மூடியைத் திறந்து தற்காலிக நினைவகமான இரண்டு ரேம் துண்டுகளையும் வெளியே எடுத்தவர், அவற்றின் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தார். அழிறப்பரில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. தூள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாகப் பொருத்தி இயக்கியபோது, ஒவ்வொரு தடவையும் முதல் அழுத்தலிலேயே திரை வெளித்தது. கடற்கரைக்கு அருகில் ஈரக்காற்றில் பல வருடங்கள் இருந்த கணினிகளில் இதை அடிக்கடி காண்பதாகச் சொன்னார். மதர்போட் போய்விட்டதென்ற தீர்ப்பு ஓர் அழிறப்பரோடு முடிந்தது.

திகதிக் குழப்பத்துக்குக் காரணம், உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் 3 வோல்ற் வில்லை மின்கலம் வலுவிழந்ததுதான். அதை மாற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொரு நிமிடத் தாமதத்தின் கதை வேறு. வன்தட்டின் உடல்நிலை அறிக்கையைத் திரையில் வரவழைத்து, பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையைக் காட்டியவர், "ஐயா, மெஷின் நல்லாத்தான் இருக்கு, டிஸ்க்தான் போகப் பார்க்குது. முதல்ல டேற்றாவை எடுப்பம், மற்றதெல்லாம் பிறகு" என்றார். விண்டோஸின் பழுதுபார்க்கும் வசதியை ஏன் முதலில் ஓடவிடவில்லை என்று கேட்டேன். தேய்ந்த வன்தட்டை மூலைமுடுக்கெல்லாம் வாசிக்க வைத்தால், இருக்கிற கொஞ்ச உயிரும் அதிலேயே போய்விடலாம் என்றார். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், தினமும் முழுதாக வடிந்து ஏறி என் மின்கலம் செத்துப்போனது. அதன் பிறகு நேரடி மின்சாரத்திலேயே வேலை செய்துவந்தேன். மின் தடைப்படும்போதெல்லாம், நிமிடத்துக்கு 5,400 தடவை சுழன்றுகொண்டிருந்த தட்டு சடுதியாக நின்றது. வன்தட்டு முதுமையால் மட்டும் கெடவில்லை என்பதை இதைச் சொல்லித்தான் எனக்கு விளங்கவைத்தார்.

ஆவணங்களை வெளி வன்தட்டொன்றுக்கு மாற்றி, நான் பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்துத் தலையாட்டிய பின்னரே, சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான 256 ஜீபி எஸ்எஸ்டி பொருத்தப்பட்டது. விண்டோஸைப் புதிதாக நிறுவுவதற்கு முன் அவர் கேட்ட ஒரு கேள்விக்காகவே இந்தக் கடைக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுக்கலாம்: "பாமினி போடவேணுமோ?" பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் என் பழைய கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்திருக்கும். வேறு எந்தக் கடையிலும் அதை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இப்போது கணினி இருபத்திரண்டு விநாடிகளில் இயங்கத் தயாராகிறது. எஸ்எஸ்டி, வில்லை மின்கலம், விசிறியைத் துப்புரவாக்கியது, கூலி என எல்லாமாகப் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபா. பழைய வன்தட்டையும் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. மூன்று நாள் என்ற வேலை ஆறு நாளாகியது; இடையில் நான்தான் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டியிருந்தது. பற்றுச்சீட்டில் எஸ்எஸ்டியின் தொடர் இலக்கம் எழுதப்படவில்லை, கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள்; மூன்று வருட உத்தரவாதம் தரும் பொருளுக்கு அது அவசியம். அதைவிட முக்கியமான குறை, போட்டுத் தந்தது விண்டோஸ் 10 என்பதையும், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டதையும் தாமாகச் சொல்லாதது. மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட என் கணினி விண்டோஸ் 11 இன் தகுதிப் பட்டியலில் இல்லை. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். கேட்டபோது, குறுக்கு வழியில் 11 ஐயும் போடலாம், ஆனால் மேம்படுத்தல்கள் வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று நேர்மையாகவே பதில் சொன்னார். மக்களின் சான்றிதழ்கள் கிடக்கும் கணினி என்பதால், ஆதரவு முடிந்த பின்னரும் விண்டோஸ் 10 க்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும் நீடிக்கப்பட்ட பாதுகாப்பு மேம்படுத்தல் திட்டத்தில் அன்றே பதிந்துகொண்டேன். இதைக் கேட்காமல் எடுத்துச் செல்கிறவர்கள் எத்தனை பேரோ.

போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போவது நல்லது. சார்ஜரைக் கையோடு கொண்டுபோகவும். அதைச் சோதிக்காமல் அவர் மூடியைத் திறப்பதில்லை.