17,988 ரூபாய் போச்சு: ஆப்பில் 'ஓசிடி ஸ்பெஷலிஸ்ட்' தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 17,988 ரூபாய். 12 செஷன், ஒரு செஷனுக்கு 1,499. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து ஒரே தடவையில் கட்டியது. நேற்று சாயங்காலம் "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது, டிக்கெட் மூடப்படுகிறது" என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். என்ன தீர்த்தார்கள் என்று அந்த மெயிலில் ஒரு வரி கிடையாது. அந்தக் கடுப்பிலேயே எழுதுகிறேன், வார்த்தை அங்கங்கே தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் எனக்கே ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்கு வேறு செலவு. மனநல ஆலோசனை தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு மொபைல் ஆப், அவ்வளவு தெரிந்தால் போதும். எப்படி ஆளைத் தேர்ந்தெடுப்பது, எதையெல்லாம் பார்ப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ஓசிடி. வேண்டாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலத் தொந்தரவு. கை கழுவிக்கொண்டே இருக்கிற ரகம் இல்லை, செக் பண்ணிக்கொண்டே இருக்கிற ரகம். அவிநாசியில் வீடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. காலையில் எல்லாருக்கும் கடைசியாகக் கிளம்புகிறவன் நான்தான். கேஸை மூடினேனா, பூட்டு விழுந்ததா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவேன். இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்: போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது. என் போன் கேலரியில் பிள்ளையின் படத்தைவிட ரெகுலேட்டர் குமிழின் படம்தான் அதிகம். குமிழ் மூடின பக்கம் திரும்பியிருக்கும், பக்கத்தில் என் கட்டைவிரலும் தெரியும், இன்றைக்கு எடுத்ததுதான் என்று எனக்கே நிரூபிப்பதற்காக. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஆபீசில் இன்னும் மோசம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வந்தால் வீட்டுக்குப் போக ராத்திரி ஆகிவிடும். போட்டு முடித்த பிறகும் இன்வாய்ஸ் நம்பரை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேனேஜர் இதைச் சின்சியாரிட்டி என்று மெச்சிக்கொள்வார்.

சரி, ஆப்புக்கு வருகிறேன். உள்ளே போனதும் ஐந்து கேள்வி. தூக்கம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா, இந்த மாதிரி. முடித்தவுடன் சிவப்பு எழுத்தில் "உங்கள் மன அழுத்தம்: மிக அதிகம்". கொஞ்ச நேரத்தில் போன் வந்துவிட்டது.

பேசியது ஒரு பெண். எங்கள் பக்கத்துப் பேச்சு. "சொல்லுங்ணா, ஒண்ணும் அவசரமில்லைங்ணா" என்றார். கம்பெனி மொட்டை மாடியில் நின்றுகொண்டு தயங்கித் தயங்கி கேஸ், பூட்டு என்று ஆரம்பித்தேன். முடிக்கக்கூட இல்லை. அவர் கேட்டார், "போட்டோ எடுத்து வெச்சுக்குவீங்ளாண்ணா?"

அந்தக் கேள்வியில்தான் நான் முழுசாக நம்பினேன். போட்டோ விஷயம் அதுவரை என் மனைவிக்கே தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தர் போனில் அதைச் சொன்னதும் தொண்டை அடைத்துவிட்டது. நமக்கென்று ஒரு ஆள் இருக்கிறார், இனி யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இருந்தது. இப்போது தெரிகிறது, இந்தத் தொந்தரவு உள்ள பலரும் செய்கிற வேலைதான் அது. கேட்க வேண்டிய கேள்வி என்று அவர்களிடம் எழுதியே வைத்திருப்பார்கள். ஓசிடி என்று சொல்லி வருகிறவனிடம் அதைக் கேட்டால் போதும், அவன் பர்சைத் திறந்துவிடுவான்.

"உங்களுக்குன்னே ஓசிடி ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்ணா, 8 வருஷ அனுபவம், தமிழ்லயே பேசலாம். இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள பேக்கேஜ் போட்டீங்கன்னா இந்த ரேட்டு, நாளைக்குக் கூடிரும்." திரையில் கடிகாரம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிப் பொய்யான அவசரம் காட்டி விற்பதைத் தடுத்து 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. எனக்கு அதெல்லாம் அன்றைக்கு யார் சொன்னது? 17,988 கட்டினேன். மறுநாள் சும்மா திறந்து பார்த்தால் அதே கடிகாரம், அதே ரேட், மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது.

ஸ்பெஷலிஸ்ட் வந்தார். தமிழ் "கொஞ்சம் கொஞ்சம்" வருமாம். கேமராவைப் போடவில்லை, நெட் ஸ்லோ என்றார். கேஸ் கசிந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அடிவயிற்றிலிருந்து வருகிற பயத்தை நான் எந்த இங்கிலீஷில் சொல்வது? பாதி புரிந்ததோ இல்லையோ, வைத்தியம் மட்டும் உடனே வந்தது. கையில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணம் வந்தால் சுண்டிவிட்டு மனசுக்குள் "ஸ்டாப்" சொல்ல வேண்டும். காலையில் கண்ணாடி முன்னால் நின்று "நான் பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதோடு ஒரு பெரிய சலுகை: "சந்தேகம் வந்தா எனக்கு அந்தப் போட்டோவை சாட்ல அனுப்புங்க சார், கேஸ் ஆஃப்தான்னு நான் கன்ஃபார்ம் பண்றேன்."

முதல் சில நாள் சொர்க்கம் மாதிரி இருந்தது. படம் அனுப்புவேன், கட்டைவிரல் பொம்மை வரும், நிம்மதி. அப்புறம் பதில் வரத் தாமதமானால் வியர்க்க ஆரம்பித்தது. படத்தைச் சரியாகப் பார்த்துத்தான் சொன்னாரா, சும்மா பொம்மையைத் தட்டிவிட்டாரா என்று புதுச் சந்தேகம். ரெகுலேட்டரை இரண்டு கோணத்தில் எடுத்து அனுப்பினேன். வீட்டு வாசலில் இருந்த நோய் போனுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் மனைவிதான், "ஏங்க, பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு டாக்டர் இருக்காங்களாம், ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. கூட்டம், பெஞ்சில் இடமில்லை, அரை நாள் போனது. ஆனால் அந்த டாக்டரம்மா முதலில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்துக் கேள்வி, மொத்தம் 40 மார்க். எண்ணம் ஒரு நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, செய்யாமல் நிறுத்த முயன்றால் எவ்வளவு முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓசிடியின் தீவிரத்தை அளப்பதற்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவுகோலாம் அது, ஒய்-பாக்ஸ் என்று பெயர். ஆப்பில் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

சாட்டில் படம் அனுப்புகிற கதையைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யாரோ ஒருத்தர் "ஆமாம், மூடியாச்சு" என்று உறுதி சொல்லிக்கொண்டே இருப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி என்றார். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி. ரப்பர் பேண்டும் அதே கதை, எண்ணத்தைத் துரத்தத் துரத்த அது இன்னும் அதிகமாகத்தான் வரும். இதற்கென்று இருக்கும் சிகிச்சை வேறு: ஈஆர்பி. பயம் வருகிற காரியத்தை வேண்டுமென்றே செய்ய வைத்து, திரும்பச் செக் பண்ணாமல் நிறுத்தி வைப்பது. பதற்றம் ஏறும், பிறகு அது பாட்டுக்கு இறங்கும், இறங்கும் என்பதை உடம்பு பழகிக்கொள்ளும். எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போவார்கள். தேவைப்பட்டால் கூடவே மாத்திரை. இதில் பயிற்சி எடுத்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லி அங்கேயே இருக்கும் கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. 17,988 ரூபாய் கொடுத்து நோயை வளர்த்துவிட்டு, காசே இல்லாத இடத்தில் வந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பில் கேட்டேன், உங்கள் ஸ்பெஷலிஸ்டின் ஆர்சிஐ பதிவு எண் என்ன? நம் நாட்டில் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். இதுவரை அவர்களில் பெரும்பாலோர் எம்ஏ, எம்எஸ்சிக்கு மேல் இரண்டு வருஷ எம்ஃபில் படித்துவிட்டு வந்தவர்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் தேடிப் பார்க்கலாம். எனக்கு வந்த பதில்: "எங்கள் நிபுணர்கள் அனைவரும் சர்டிஃபைடு." யார் கொடுத்த சர்டிஃபிகேட்? அதற்குப் பதில் இல்லை. பெயரைப் போட்டுத் தேடினேன், பதிவேட்டில் இல்லை. மறுநாள் பார்த்தால் அவர் பக்கத்தில் 'சைக்காலஜிஸ்ட்' போய் 'வெல்னெஸ் கோச்' ஆகியிருந்தது.

எம்எஸ்சி சைக்காலஜி படித்துவிட்டு கவுன்சலிங்கை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் சொல்லவில்லை. குடும்பச் சண்டை, துக்கம், வேலை அழுத்தம் இதற்கெல்லாம் அவர்கள் போதுமானவர்கள். ஓசிடிக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று பொய் சொல்லி விற்றதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் நிஜ முகம் தெரிந்தது. முதலில் பேசியது ஒரு சாட்பாட். எது கேட்டாலும் "உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம்" என்று இதயப் பொம்மை போட்டது. அப்புறம் ஒரு ஆள், 48 மணி நேரம் பொறுங்கள் என்றார். அப்புறம் வேறு ஆள், தள்ளுபடியில் எடுத்த பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார். இன்னொருவர், மீதிச் செஷன் காசை வாலட்டில் போடுகிறோம், வேறு கோச் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முதலில் "அண்ணா, அண்ணா" என்று பேசிய பெண்ணின் நம்பருக்குக் கூப்பிட்டால், இந்த எண்ணுக்கு உள்வரும் அழைப்பு வசதி இல்லையாம். விற்கும்போது மட்டும் அண்ணன்.

கடைசியாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், உங்க செஷன் நோட்ஸ் பாத்தேன். உங்களுக்கு எல்லாத்துலயும் டவுட் வர்ற டெண்டன்சி இருக்கு. இந்த ரீஃபண்ட் கேக்கறதும் அதோட ஒரு பார்ட்டா இருக்கலாம். வேணும்னா ஒரு ஃப்ரீ மெடிடேஷன் செஷன் தரவா?"

கை நடுங்கிவிட்டது. என் பிள்ளையைப் பற்றி, என் பயத்தைப் பற்றி மூடிய அறையில் சொன்னதாக நினைத்ததை கஸ்டமர் கேர் ஆள் படித்துவிட்டு, அதை வைத்தே என் வாயை அடைக்கிறான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 இந்த ரகசியத்தை நம் உரிமை என்கிறது. அதைச் சொன்னேன். "லீகல் டீமுக்கு ஃபார்வர்ட் பண்றேன் சார்" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு வந்ததுதான் டிக்கெட்டை மூடிவிட்டோம் என்கிற நேற்றைய மெயில். 17,988 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புக்கூடக் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் ஆளின் முழுப் பெயரும் படிப்பும் பதிவு எண்ணும் கேளுங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். ஓசிடி என்றால் "ஈஆர்பி செய்வீர்களா, எப்படிச் செய்வீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். பேக்கேஜ் வேண்டவே வேண்டாம், ஒரு செஷனுக்கு மட்டும் கொடுங்கள். அவசரமாகப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 டெலி மானஸ், அரசாங்கத்துடையது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அதில் ஆகவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள், ஆப் அக்கவுண்டை அழித்தால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று. இன்று காலையில் பேங்கிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்: நாளை 1,499 ரூபாய் ஆட்டோபேயில் எடுக்கப்படும். பேக்கேஜ் கட்டும்போதே மாதாமாதம் கணக்கிலிருந்து எடுக்கிற அனுமதியையும் (மேன்டேட்) சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்துக்குப் போய் ரத்து செய்தேன். நீங்களும் இந்த மாதிரி எதற்காவது கட்டியிருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள்.