மாஸ்கோ அதிர்வலைத் தரவுத்தளம்: தரவு தரம், கவனம் உங்கள் பொறுப்பு

ரஷ்ய அறிவியல் கழகத்தின் உயர் வெப்பநிலைக் கூட்டு நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் இந்தத் தளத்துக்குக் கட்டணம் கிடையாது. தோற்றம் பழைய பாணிதான். ஆனால் திடப்பொருளோடு, உள்ளே துளைகள் கொண்ட துளைப்பொருளுக்கும் அதிர்வலை (பலத்த அடியால் பொருளில் ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை) அளவீடுகள் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வசதி.

முதலில் திடச் செம்பை எடுத்துச் சரிபாருங்கள். அலைவேகம் = 3.94 + 1.489 × துகள்வேகம் (கி.மீ./நொடி). துகள்வேகம் என்பது அலை கடந்தபின் பொருள் நகரும் வேகம். துகள்வேகம் 1 என்றால் அலைவேகம் 5.43, அதைத் துகள்வேகத்தாலும் அடர்த்தி 8.93-ஆலும் (கிராம்/கன செ.மீ.) பெருக்கினால் அழுத்தம் சுமார் 48.5 கிகாபாஸ்கல். தளத்தில் உள்ள அளவீட்டுப் புள்ளிகள் இதையொட்டி விழ வேண்டும்.

துளைச் செம்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதி வெற்றிடமான மாதிரிக்குத் தொடக்க அடர்த்தியாக 8.93 அல்ல, 4.465 போட வேண்டும். தவறினால் அழுத்தம் இரட்டிப்பாகத் தெரியும், வரைபடமோ அழகாகவே இருக்கும்! துளைகள் மூடும்போது ஆற்றல் வெப்பமாகிறது. அதனால் அதே அழுத்தத்தில் துளைப்பொருள் திடத்தைவிடச் சூடாகவும் அடர்த்தி குறைவாகவும் நிற்கும். துளை மிகுந்தால் அழுத்தம் கூடக் கூட அடர்த்தி குறைவதும் உண்டு. அந்தப் பின்வளைவைப் பிழையென்று நீக்கிவிடாதீர்கள்.

குறை: வெவ்வேறு ஆய்வுகளின் புள்ளிகள் ஒரே படத்தில் கலந்து வரும். தொடக்க அடர்த்தியை வைத்துப் பிரித்த பிறகே கோடு பொருத்துங்கள். துளைகள் முழுதாக மூடாத குறைந்த அழுத்தப் பகுதியில் நேர்கோடு பொருந்தாது. அங்கே ஹெர்மன் என்ற ஆய்வாளர் 1969-இல் தந்த, துளைகள் மூடுவதைக் கணக்கிடும் கணித மாதிரி உதவும்.