யமஹா ஒய்.ஏ.எஸ். 280: பஜனைக் கோஷ்டிக்கு ஒத்துவருமா?

யமஹா ஒய்.ஏ.எஸ். 280 மாணவர்களுக்கான ஆல்டோ சாக்ஸபோன். நான் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஜனைக் கோஷ்டியில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன் நான், வித்வான் இல்லை. அந்த அளவுக்குத்தான் இந்த மதிப்பீடு.

முதல் நல்ல விஷயம், சுருதி. இதற்கு முன் இரவல் வாங்கி வாசித்த மலிவு வாத்தியத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனாலே ஹார்மோனியக்காரர் திரும்பி முறைப்பார். இதில் நடு டி மட்டும் லேசாக ஏறும். அது எல்லா சாக்ஸிலும் உள்ளதுதான், உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அடங்கிவிடும். கட்டைவிரல் கொக்கியை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்பதால் நீண்ட பஜனையிலும் கை வலிப்பதில்லை. கரண்ட் வேண்டாத வாத்தியம் என்பதால் கரண்ட் போகும் இரவுகளில் கீபோர்டு தம்பியைவிட எனக்கு மவுசு அதிகம்!

இனி நம் ஆட்களுக்கான சிக்கல். ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம். அதாவது சி பிடித்தால் ஈ ஃப்ளாட், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை, கேட்கும். எங்கள் அக்காமார் பாடுவதோ ஐந்து கட்டை. அதற்கு ஈயை ஸட்ஜமமாக வைத்து வாசிக்க வேண்டும். அப்போது சங்கராபரணத்தில் காந்தாரம் ஜி ஷார்ப்பில் விழும். அந்த ஸ்வரத்தின் துளையை மூடும் பேட் (மெத்தை போன்ற மூடி) சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும். விரல் லீவரை அழுத்தினால் ஒரு மெல்லிய ஸ்பிரிங்தான் அதைத் திறக்க வேண்டும். டர்பன் புழுக்கத்தில் பேட் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும், காந்தாரம் காணாமல் போகும். தைப்பூசக் காவடி சமயத்தில் கேட்கவே வேண்டாம். வாசித்து முடித்ததும் சிகரெட் பேப்பரை பேடுக்கடியில் வைத்து மெதுவாக அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பவுடர் மட்டும் போடாதீர்கள்.

கூடவே வரும் 4சி மவுத்பீஸ் தொடக்கத்துக்குப் போதும். ரீட் (மவுத்பீஸில் கட்டும் நாணல் தகடு) இரண்டாம் நம்பரில் ஆரம்பித்து அப்புறம் இரண்டரைக்குப் போகலாம். ஆனால் ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு இந்த மவுத்பீஸ் கஞ்சத்தனம் காட்டும். புல்லாங்குழலில் துளையைப் பாதி மூடி ஸ்வரத்தை இழைக்கலாம். இங்கே துளைகள் பேடுகளுக்கு அடியில் இருப்பதால் பாதி வேலை உதட்டுக்கு. கத்ரி கோபால்நாத் இதே ஆல்டோவில்தான் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அவர் நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை, அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. முனைத் திறப்பு (நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி) சற்று அகலமான மவுத்பீஸும் மெல்லிய ரீடும் இருந்தால் வளைவு கொஞ்சம் சுலபமாக வருகிறது.

செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் கீழ் பி ஃப்ளாட் வரை மெதுவாக ஊதிப் பாருங்கள். ஓங்கி ஊதினால்தான் சத்தம் வருகிறதென்றால் எங்கோ பேட் கசிகிறது. பேட் மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.