கையைச் சூடேற்றுவதா, கணக்கைத் திருத்துவதா?

திருகோணமலை வெயிலில் யாருடைய கையும் குளிர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால், கொட்பே துறைமுகத்தில் விடியற்காலை முதல் ஐஸில் மீன் அடுக்கியவரின் விரல்களும், குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தவரின் விரல்களும் நரம்பில் மின் சமிக்ஞை ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு வரும்போது நன்றாகவே குளிர்ந்திருக்கும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் குறைந்தால் கடத்தல் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2.5 மீற்றர் வரை குறைவதால், நலமான நரம்பும் பழுதுபட்டதாகத் தோன்றிவிடும்.

தோலின் வெப்பநிலையை அளந்து, சூத்திரத்தால் விடையைத் திருத்துவது விரைவான வழி. எனினும் அச்சூத்திரங்கள் பெரும்பாலும் நலமான நரம்புகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. உறை சிதைந்த நரம்பு அவற்றுக்குக் கட்டுப்படும் என்பதற்கு உறுதியில்லை.

கையைச் சூடேற்றுவதற்கு நேரம் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, ஈரம் மின்வாய்களுக்கிடையே பாலமாகாதபடி நன்றாகத் துடைத்து, தோல் ஏறக்குறைய 32 பாகையை எட்டிய பின்னரும் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். தோல் முந்திச் சூடேறும், ஆழத்திலுள்ள நரம்பு பிந்தியே சூடேறும். நீரிழிவால் கை மரத்தவருக்குச் சூடு தெரியாது என்பதால், நீரின் சூட்டைப் பரிசோதகரே முதலில் பார்த்துவிடுவது அவசியம்.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக ஐயம் எழும்போது மூன்றாவது வழியொன்று உண்டு. மோதிர விரலுக்கு மீடியன், அல்னர் ஆகிய இரு நரம்புகளும் வருவதால், சம தூரத்தில் இரண்டையும் தூண்டி நேர வித்தியாசத்தைப் பார்க்கலாம். குளிர் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால் அதன் விளைவு பெரிதும் கழிந்துவிடும், வித்தியாசம் 0.4 மில்லிசெக்கனைத் தாண்டினால் மீடியன் நரம்பின் மீதே ஐயம் விழும். நீரிழிவு இரு நரம்புகளையும் கெடுத்திருந்தால் இந்த ஒப்பீட்டின் வலு குறையும்.

என் தெரிவு சூடேற்றுவதே; விரல் ஒப்பீடு அதற்குத் துணையாகலாம், சூத்திரமோ வேறு வழியற்றபோது மட்டுமே. தசைகள் விரைவில் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயைக் கண்டறிய, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் தொடர் தூண்டல் பரிசோதனையில் சூடேற்றுவதற்கு விதிவிலக்கே கிடையாது. குளிர்ந்த தசையில் நரம்புத்தசைச் சந்தி நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றி, நோயைக் காட்டிக்கொடுக்கும், சமிக்ஞையின் 10 வீதத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சியே மறைந்துபோகலாம். மறைந்துபோனதை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது.

எவ்வழியைக் கையாண்டாலும், அளந்த வெப்பநிலையை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். அது இல்லாவிட்டால், அடுத்த அறிக்கையில் வேகம் குறைந்திருப்பது நோயாலா குளிராலா என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாது.