பழைய நிக்கான் டி90க்கு என்ன லென்ஸ் வாங்கலாம்?

மும்பை செம்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், இன்னொருவர் பயன்படுத்திய நிக்கான் டி90 கேமராவின் உடலை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு எந்த லென்ஸ் ஏற்றது என்று கேட்டிருக்கிறார். என்னுடைய 85 மிமீ எஃப்/1.8 டி லென்ஸ் பூஞ்சை நீக்குவதற்காகப் பழுது பார்ப்பவரிடம் போய்த் திரும்பிய வாரத்தில் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஆகவே பதிலில் கோபம் கலந்திருக்கும். ஆனால் அந்தக் கோபத்துக்கு கேமரா காரணமில்லை.

டி90இன் பெருமை அதன் சென்சாரிலோ, 2008இல் அது வந்தபோது பரபரப்பாகப் பேசப்பட்ட வீடியோ வசதியிலோ இல்லை. லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், லென்ஸ் பொருந்தும் மவுன்ட் வளையத்தின் ஓரத்தில் திருப்புளி முனை வடிவில் ஒரு சிறு தண்டு தெரியும். தமக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்), ஏஎஃப்-டி (சுருக்கமாக டி) லென்ஸ்களை, உடலுக்குள் இருக்கும் மோட்டார் அந்தத் தண்டைச் சுழற்றித்தான் ஃபோகஸ் செய்கிறது. 2006இல் வந்த டி40இலும், அதற்குப் பின் வந்த டி60, டி3000, டி5000 ஆகியவற்றிலும் இந்தத் தண்டு கிடையாது. இப்போதைய இசட் வரிசை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் பழைய லென்ஸ்களைப் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் தங்கள் டி லென்ஸ்களை விற்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய உடலை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு அவை கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதும் இதனால்தான்.

அப்படி என்னிடம் வந்ததுதான் அந்த 85. டி90இன் சென்சார் சிறியது என்பதால் அது முழுச் சட்டக (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் ஏறத்தாழ 128 மிமீ தரும் பார்வைக் கோணத்தைத் தருகிறது. மாட்டுங்காவில் உறவினர் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றத்தை நான்காவது வரிசையில் இருந்து இதில் எடுத்தேன். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் போகாமலே, சுட்டு விரலின் மருதாணி நிறம் வரை பிசிறின்றி விழுந்திருந்தது. தண்டு சுழலும் சத்தம் மட்டும், மிருதங்கம் ஓய்ந்த இடங்களில் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும். லென்ஸின் அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை ஆரஞ்சு நிறத்தில் உள்ள 16இல் பூட்டி வைக்க வேண்டும் என்பதையும் புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் கேமரா 'எஃப்இஇ' என்று காட்டிவிட்டுப் படம் எடுக்க மறுக்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை.

வாங்கக் கூடாதவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயரில் ஏஎஃப்-பி என்று இருக்கும் எந்த லென்ஸும் டி90இல் ஃபோகஸ் ஆகாது. கையால் வளையத்தைத் திருப்பினாலும் ஆகாது. பெயரில் எஃப்/ எண்ணுக்குப் பின்னால் இ என்ற எழுத்து வரும் லென்ஸ்களில் அப்பெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவதால், இந்த உடலால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. சிவ்ரி சேற்றுப்பரப்பில் பூநாரைகளை எடுக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 2006இல் வந்த ஏஎஃப்-எஸ் (தனக்குள்ளேயே மோட்டார் உள்ள) விஆர் 70-300 ஜூம் இந்த உடலில் முழுமையாக வேலை செய்யும். பின்னாளில் வந்த ஏஎஃப்-பி 70-300 வேலை செய்யாது. விற்கிறவர்கள் இரண்டையும் '70-300' என்று மட்டுமே சொல்லி விற்கிறார்கள். உடலோடு வந்த 18-105 ஜூம் கையில் இருந்தால் அதை விற்க வேண்டாம்.

இனிப் பூஞ்சை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வீட்டுக்குள்ளும் காற்று ஈரமாகவே இருக்கிறது. ஈரப்பதம் நெடுநாள் அறுபது, எழுபது விழுக்காட்டைத் தாண்டி நின்றால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் தின்று பூஞ்சை வளர்கிறது. அது சுரக்கும் அமிலம் மேல்பூச்சை அரிக்கிறது. பழுது பார்ப்பவர் பூஞ்சையைத் துடைத்தெடுக்கலாம். அரித்துப்போன பூச்சை மீட்டுத் தர முடியாது. என் 85க்கு நேர்ந்தது அதுதான். கடையில் வாங்கியபோது விளிம்பில் தெரிந்த இரண்டு மெல்லிய நூல்களைக் காட்டிக் கேட்டேன். தூசிதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். உட்புறக் கண்ணாடி ஒன்றில் அது முன்பே வேர்விட்டிருந்ததாகப் பிரித்துப் பார்த்தவர் சொன்னார். இப்போது வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்வரை குறையில்லை. எதிர்வெளிச்சத்தில் படம் முழுவதும் பால் கலந்தாற்போல் வெளிறிவிடுகிறது. இவ்வளவு நல்ல லென்ஸை இந்த நிலையில் தெரிந்தே ஒருவர் தலையில் கட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய டி லென்ஸை வாங்குமுன் அப்பெர்ச்சர் வளையத்தை 1.8க்குத் திருப்பி முழுவதும் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். புள்ளிகளாகத் தெரிந்தால் தூசி. கிளைவிடும் நூலாகத் தெரிந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் தோல் உறையும் துணி அலமாரியும் லென்ஸுக்கு ஆகாத இடங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஆகிய மூன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் வறுத்துக் காயவைக்க வேண்டும். இரண்டு லென்ஸுக்கு மேல் சேர்ந்துவிட்டால், நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டில் நிறுத்திவைக்கும் மின்சார உலர்பெட்டி ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது.

மற்றவை எளியவை. மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். பேட்டரி என்-இஎல்3இ; டி80, டி200, டி300, டி700 ஆகியவற்றுக்கும் அதுவே என்பதால் கிடைக்கிறது. பழைய பேட்டரி வாங்கினால், செட்டப் மெனுவில் பேட்டரி விவரத்தைத் திறந்து, அதன் ஆயுள் 0 முதல் 4 வரை எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 4 என்றால் அதன் காலம் முடிந்தது.

இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும், நண்பருக்கு நான் 85 டியைச் சொல்லப்போவதில்லை. 2009இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மிமீ எஃப்/1.8 ஜி அவருக்குப் போதும். தண்டின் உதவியே தேவைப்படாத லென்ஸ் அது. டி90இன் தனிச் சிறப்பை அது பயன்படுத்தவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தாராவி 90 அடிச் சாலையில் தெருவெல்லாம் பொங்கல் பானை வைக்கும் காலையில், புகைக்கு நடுவிலும் கூட்டத்துக்கு நடுவிலும் நின்று எடுக்க அதன் கோணம் பொருத்தமாக இருக்கிறது; வயதில் இளையது என்பதால் பூஞ்சையில்லாத ஒன்றைத் தேடிப்பிடிப்பதும் எளிது. மிச்சப் பணத்தை அவர் உலர்பெட்டிக்கு ஒதுக்கட்டும். என் 85ஐ அவர் விலைக்குக் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன்.