காந்தம் ஒட்டவில்லை என்றால் 316 ஆகிவிடுமா?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பராமரிப்பு என் பொறுப்பு. கழிவுநீரைச் சுத்திகரிப்புக்குத் தள்ளும் பம்புக்கு இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) ஷாஃப்ட் ஸ்லீவும் (சுழலும் தண்டைத் தேயாமல் காக்கும் உறை) மாற்ற வேண்டியிருந்தது. சாயமேற்றக் கொட்டுகிற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது. ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் (எஸ்.எஸ்.) உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகம்தான் வேண்டும் என்று விற்பவரிடம் இரண்டு முறை சொன்னேன். அதற்கான விலையையும் கொடுத்தேன்.

சரக்கு வந்த அன்று அவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து இம்பெல்லரில் வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. "பாருங்கள் சார், சுத்தமான 316" என்றார். நம்பிவிட்டேன்.

பழைய ஜோடி மூன்று ஆண்டுகள் உழைத்தது. இது ஐந்தாம் மாதமே, தண்டு பம்பிலிருந்து வெளியே வரும் கிளாண்டில் ஒழுகியது. அங்கே ஒழுக்கை அடைக்கும் பேக்கிங்கை மாற்றியும் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால், ஸ்லீவ் முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள். வெளியே கடுகளவுகூட இல்லாத ஒரு குழியில் ஊசியை விட்டேன். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது.

கோவையில் ஓர் ஆய்வகத்தில் புது இம்பெல்லர், ஸ்லீவ் இரண்டையும் சோதித்தோம். இரண்டிலும் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தன. மாலிப்டினம் வெறும் 0.2. அது 316-இல் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும். உப்புநீர் குழி பறிப்பதைத் தாங்கும் வலு அதனால்தான் கூடுகிறது. எனக்கு விற்றது மாலிப்டினம் சேர்க்காத 304 ரகம்.

தயவுசெய்து காந்தத்தை நம்பாதீர்கள். 304, 316, மலிவான 202 எதிலும் அது பெரும்பாலும் ஒட்டாது. சொல்லப்போனால், நல்ல 316 வார்ப்பில் காந்தம் ஈர்க்கும் ஃபெரைட் என்ற இரும்பு அமைப்பு கொஞ்சம் இருப்பதால் லேசாக இழுக்கவும் செய்யும்! மாலிப்டினம் இருக்கிறதா என்று சொட்டுவிட்டுப் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில் பொருளை வெட்டாமலே சில நொடிகளில் சொல்லிவிடுவார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஆர்.ஓ.வில் கழியும் அடர்ந்த உப்புநீர் என்றால் அசல் 316-ஐயும் நம்ப முடியாது, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் டூப்ளெக்ஸ் ரக எஃகு கேளுங்கள்.

அறிக்கையைக் காட்டியதும் விற்றவர் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்றார். அவர் தந்த சான்றிதழை எடுத்தேன். அதில் 316 என்றுதான் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) எங்கள் இம்பெல்லரில் பொறித்த எண் இல்லை. ஸ்லீவில் எண்ணே கிடையாது. பில்லிலோ "எஸ்.எஸ். இம்பெல்லர் 1, ஸ்லீவ் 1" என்பதோடு சரி, கிரேடு எழுதவில்லை. வார்ப்பான இம்பெல்லருக்கு சி.எஃப்.8.எம் (316-க்கு இணையான வார்ப்பு ரகம்), ஸ்லீவுக்கு 316 என்று பில்லிலேயே எழுதச் சொல்லி, ஹீட் நம்பரைச் சரிபார்த்த பிறகு வாங்குங்கள். நான் அதைச் செய்யவில்லை. அவர் இப்போது என் போனை எடுப்பதில்லை.