குடும்பத்தைப் பிரிக்காத சேவை: பலனை எதை வைத்து அளப்பது?

குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், கடைசி முயற்சியாக அமெரிக்காவில் தரப்படுவது தீவிரக் குடும்ப ஆதரவுச் சேவை. 1974-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் தொடங்கிய 'ஹோம்பில்டர்ஸ்' இதன் மூல வடிவம். பரிந்துரை வந்த 24 மணி நேரத்துக்குள் முதல் சந்திப்பு நடக்கும். சேவை நான்கு முதல் ஆறு வாரம் நீடிக்கும். ஒரு பணியாளர் ஒரே சமயத்தில் இரண்டு குடும்பங்களைத்தான் பார்ப்பார், நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார். இதற்குச் செலவு அதிகம். அதனால் பலன் உண்டா என்று பல மாநிலங்கள் கேட்டன, மூன்று வழிகளில் அளந்தும் பார்த்தன. மூன்றில் என் தேர்வு குலுக்கல் முறை: எந்தக் குடும்பத்துக்குச் சேவை, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்து, பிறகு இரு குழுக்களையும் ஒப்பிடுவது.

முதல் வழி, சேவை பெற்றவர்களை மட்டும் எண்ணுவது. 'நூறு குடும்பத்தில் தொண்ணூறு சேர்ந்தே இருக்கின்றன' என்று அறிக்கை வரும். சேவை இல்லாவிட்டால் எத்தனை சேர்ந்திருக்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. உள் கண்காணிப்புக்கு இது போதும், நிதி ஒதுக்க உதவாது.

இரண்டாவது, ஒப்பீட்டுக் குழு. யூட்டாவில் இடம் நிரம்பியதால் சேவை கிடைக்காமல் போனவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் பிரிக்கப்பட்டார்கள், அதேபோன்ற நிலையில் சேவை பெற்றவர்களில் சுமார் 44 சதவீதத்தினர். பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. அதோடு, இருக்கிற ஓர் இடத்தை எந்தக் குடும்பத்துக்குத் தருவது என்று பணியாளர் மனதுக்குள் எடை போட்டிருப்பார். 'இந்த அம்மா தேறிவிடுவார்' என்ற அந்தக் கணிப்பு எந்தக் கோப்பிலும் பதிவாகாது. கணினிப் பதிவுகளை வைத்து இரு குழுக்களிலும் ஒரேமாதிரியான குடும்பங்களை எவ்வளவு கவனமாக ஜோடி சேர்த்தாலும் அதைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது வழியான குலுக்கலில் அந்தக் கணிப்புக்கு இடமில்லை. 'உதவி தேவைப்படும் குடும்பத்தைக் குலுக்கலில் விடுவது அநியாயம்' என்பார்கள். வெளியே விடப்படும் குடும்பத்துக்கும் வழக்கமான சேவைகள் தொடர்கின்றன. இடங்கள் குறைவாக இருக்கும்போது, யாருக்கோ பிடித்த குடும்பத்துக்குக் கொடுப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது.

ஆனால் குலுக்கல் போட்ட பெரிய ஆய்வுகள்தான் ஏமாற்றத்தைத் தந்தன. 1990-களின் தொடக்கத்தில் இல்லினாயில் 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில், குழந்தை பிரிக்கப்படுவது குறையவில்லை. கென்டக்கி, நியூ ஜெர்சி, டென்னசியில் நடந்து 2002-ல் வெளிவந்த மத்திய அரசின் மதிப்பீடும் அதையே சொன்னது. 'அப்படியானால் சேவை வீண்' என்று பலர் முடிவு கட்டினார்கள். அவர்கள் பார்க்கத் தவறிய எண் ஒன்று உண்டு: சேவை பெறாத குழுவில் எத்தனை குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள்?

இந்த ஆய்வுகளில் அந்த எண் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது. 'உடனடி ஆபத்து' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றைக் குழந்தைகள் நலத் துறை எப்படியும் பிரித்திருக்காது. நடக்கப்போகாத ஒன்றை எந்தச் சேவையாலும் தடுக்க முடியாது.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். சேவை பிரிவைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேவை பெறாத குழுவில் 50 சதவீதம் பிரிக்கப்பட்டால், அந்த வித்தியாசத்தை நம்பகமாகக் காட்டக் குழுவுக்கு ஏறத்தாழ 55 முதல் 60 குடும்பம் போதும். 10 சதவீதம்தான் பிரிக்கப்படுகிறது என்றால் குழுவுக்குச் சுமார் 430 வேண்டும். சேவை அதேதான், பலனும் அதேதான். மாறியது யாரை அனுப்பினோம் என்பது மட்டும்.

ஆகவே குலுக்கலைப் பரிந்துரை வரும் நாளில் போடாதீர்கள். பிரிப்பதற்கு மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்த பிறகு, மனு நீதிமன்றத்துக்குப் போகும் முன் போடுங்கள். அதற்கு முன்பே, கடந்த ஓராண்டில் அந்தக் கட்டத்தை எட்டிய குடும்பங்களில் எத்தனை உண்மையில் பிரிக்கப்பட்டன என்று பழைய கோப்புகளை எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால் முதலில் பரிந்துரை விதியைத் திருத்துங்கள், ஆய்வு காத்திருக்கட்டும்.

எண்ணும்போது வழுக்கும் இடங்களும் உண்டு. அண்ணன் தம்பி மூவரை மூன்று பேராக எண்ணினால் ஆய்வு மாதிரியின் அளவு செயற்கையாகப் பெருகும், ஆகவே குடும்பத்தை அலகாக வையுங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கைக் குலுக்கல் நாளிலிருந்து தொடங்குங்கள். சேவை முடிந்த நாளிலிருந்து தொடங்கினால் நடுவில் பிரிக்கப்பட்டவர்கள் விடுபட்டுப் போவார்கள். முதல் வாரத்திலேயே கதவைச் சாத்திய குடும்பமும் சேவைக் குழுவில்தான் இருக்க வேண்டும். பாட்டி வீட்டில் விடப்பட்ட குழந்தை பிரிக்கப்பட்டதா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அடிக்கடி வீட்டுக்குப் போகும் பணியாளர் கண்ணில் காயங்களும் கூடுதலாகப் படும். அதனால் சேவைக் குழுவின் புகார் எண்ணிக்கை ஏறலாம், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில குழந்தைகளைப் பிரிப்பதுதான் சரி என்பதால், மறுபடி நடந்ததாக உறுதி செய்யப்பட்ட துன்புறுத்தலையும் தனியே எண்ணியாக வேண்டும்.

சேவை சொன்னபடி நடந்ததா என்பதும் முக்கியம். வாஷிங்டன் மாநிலப் பொதுக் கொள்கை நிறுவனம் 2006-ல் பழைய ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தது. ஹோம்பில்டர்ஸ் முறையை ஒட்டி நடந்த திட்டங்கள் பிரிவைக் குறைத்திருந்தன, பெயரை மட்டும் வைத்துக்கொண்டவை குறைக்கவில்லை. தடுப்புச் சேவைகளுக்கு மத்திய நிதி தரும் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த முறை மிக உயர்ந்த சான்றுத் தரம் பெற்றிருக்கிறது. எனவே பணியாளரின் நேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு குடும்பத்தோடு நேரில் சுமார் 40 மணி நேரம் செலவாகியிருக்க வேண்டும். பத்து மணி நேரம்தான் என்றால் நீங்கள் மதிப்பிடுவது வேறொரு சேவையை.

ஆண்டுக்கு இருபது, முப்பது குடும்பங்களே வரும் கிராமப்புற மாவட்டத்துக்கு இதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் குலுக்கலுக்குத் தேவையான எண்ணிக்கை வரும். சேர்க்க முடியாவிட்டால் இரண்டாவது வழிக்குத்தான் போக வேண்டும். அப்போதாவது, இடம் தருவதற்கு முன்பே ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் பணியாளரின் கணிப்பை ஒரு வரியில் எழுதி வாங்கிவிடுங்கள்.